மத்தியானம் பேசுற அக்கா

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று பெண்கள் உதவி எண்ணின் தமிழ்ப் பிரிவுக்கு ஐந்து அழைப்பு. மூன்று பேர் எடுத்த எடுப்பில் கேட்டது ஒரே கேள்விதான். "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" தமிழ் பேச ஒருத்தி கிடைத்தாள் என்ற நிம்மதியும், தமிழ் பேசுகிறவள் என்பதாலேயே வருகிற பயமும் ஒரே மூச்சில். நான் அவர்களுடைய மாமியாருக்குத் தெரிந்தவளாக இருந்துவிட்டால்? மதனியோடு ஒன்றாகப் படித்தவளாக இருந்துவிட்டால்? நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் நாலு கேள்வியில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நான் எதற்கும் பதில் சொல்வதில்லை. "நீங்க சொல்றது இந்த அறையைத் தாண்டாது" என்பதோடு சரி.

புதிய படிவம் வந்திருக்கிறது. "பாலியல் வன்முறையின் தன்மை" என்று ஒரு கட்டம். அந்தச் சொல்லை எந்தப் பெண்ணும் போனில் சொல்லி நான் கேட்டதில்லை. "அது" என்பார்கள். "அன்னிக்கு" என்பார்கள். இன்று ஒரு பெண்மணி நாற்பது நிமிடமும் வயிற்றுவலி என்றே சொன்னார். நானும் சொல்லை மாற்றவில்லை. வலி எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதும் என்றார். கட்டத்தில் எதை எழுத?

அழைப்பவர்களைப் பற்றி வெளியே எழுதக் கூடாது என்பது விதி. விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம்.

ஏப்ரல் 9, வியாழன்

இவருடைய சித்தப்பா மகள் போன் செய்தாளாம். அவள் பெண்ணுக்கு இங்கே கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, ஜூன் 12 முதல் நம் வீட்டில் தங்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டுச் சொல்லியிருக்கலாம். "பின் ரூம் சும்மாதானே கிடக்கு, வீட்டுல ஒரு பிள்ளை சத்தம் இருக்கட்டுமே" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஏப்ரல் 15, புதன்

ஒன்றே கால் மணிக்கு ஒரு அழைப்பு. வாய்க்கும் போனுக்கும் நடுவில் துணி வைத்த மாதிரி குரல். வயது கேட்கவில்லை. முப்பது இருக்கலாம்.

கல்லூரிக்காக அக்கா வீட்டில் தங்கியிருந்தாளாம். பத்தொன்பது வயது. அக்காவுக்கு ஷிப்ட் வேலை. "ரூம் தாழ்ப்பாள் சரியா விழாது. சரி பண்ணித் தரேன்னு சொல்லிட்டே இருந்தார்" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அவளே சொன்னாள். "அக்கா வீட்டுக்காரர்."

அதற்குமேல் சொல்லவில்லை. அதுவே போதும். பன்னிரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லையாம். "அக்கா நல்லவங்க. அதான் கஷ்டம்" என்றாள்.

படிவத்தை முடித்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றேன். எனக்கும் அப்போது ஷிப்ட் வேலை. கூரியர் கம்பெனி புகார்ப் பிரிவு, சாயங்காலப் பணி. என் தங்கை, சின்னவள், எங்கள் பின் அறையில் இருந்துதான் படித்தாள். அவளுக்கும் பத்தொன்பது.

உலகத்தில் எத்தனையோ தங்கைகள் எத்தனையோ அக்கா வீடுகளில் தங்கிப் படிக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் என்றாள். எங்கள் கணக்குப்படி பதினொன்று. அது வேறு யாரோ.

ஏப்ரல் 16, வியாழன்

பின் அறைக் கதவில் தாழ்ப்பாளே இல்லை. இத்தனை நாள் அது கண்ணில் படவில்லை. இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை, அவற்றின் மேல் பெயின்ட். இஸ்திரி போடுவது போல நின்று விரலால் தடவிப் பார்த்தேன்.

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். "துருப்பிடிச்சு இருந்துச்சு, கழட்டிட்டேன். இப்ப என்ன அதுக்கு?" என்றார். அந்த "இப்ப என்ன அதுக்கு" எரிச்சலா, சாதாரணமா? இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதரின் குரலில் எது எரிச்சல், எது சாதாரணம் என்று தெரியவில்லை. அழைப்பவர்கள் குரல் என்றால் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 22, புதன்

அதே பெண். பென்சில் காலையில் எடுத்தபோது, "மத்தியானம் பேசுற அக்கா வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டாளாம். பென்சில் என்பது நான் வைத்த பெயர், என்னோடு தமிழ்ப் பிரிவில் இருப்பவள். காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும், எழுதுவது என்னவோ பேனாவில்.

மத்தியானம் பேசுற அக்கா. நான் அக்கா என்று இவளுக்கு எப்படித் தெரியும்? மரியாதைக்குச் சொல்வதுதானே. எல்லாரும் சொல்வதுதான்.

இன்று தனக்கு ஒரு அண்ணன் உண்டு என்றாள். எங்களுக்கு அண்ணன் இல்லை. மூச்சு வந்தது. ஆனால் விவரத்தை மாற்றிச் சொல்லலாம் என்று முதல் அழைப்பில் நான்தானே சொல்லிக் கொடுத்தேன். இப்போது பொருந்துவதும் சந்தேகம், பொருந்தாததும் சந்தேகம்.

முடிக்கிற நேரத்தில் கேட்டாள்: "உங்களுக்குத் தங்கச்சி இருந்து, இப்படிச் சொன்னா, நம்புவீங்களா?"

"நான் உங்களை நம்புறேன்" என்றேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பதில்.

"என்னைப் பத்திக் கேக்கலை" என்றாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

சின்னவளுக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை, குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். துணி வைத்தால் இந்தக் குரல் அந்தக் குரல் ஆகுமா? "என்னக்கா, லைன்ல இருக்கியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாயேன் என்றேன். "அத்தான் கடைக்குப் போயிருப்பாரா?" என்றாள். அவள் எப்போதும் கேட்கிற கேள்விதான். அவர் இருந்தால் நம்மால் பேச முடியாது என்பதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்துவந்தேன்.

உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் பதினோரு வருடத்தில் அவள் எங்கள் வீட்டில் ஒரு வேளை தனியாக வந்து சாப்பிட்டதில்லை. வந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவாள். கைப்பையை மடியிலிருந்து இறக்க மாட்டாள். படிக்கும்போது நடுவில் திடீரென்று ஹாஸ்டலுக்குப் போனாள், கல்லூரிக்குப் பக்கம் என்று சொன்னாள். அந்த ஹாஸ்டல் கல்லூரியிலிருந்து எங்கள் வீட்டைவிட இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. அன்றைக்கே தெரியும். கேட்கவில்லை. ஏன்? வீட்டில் வேலை குறைந்தது என்று நினைத்தேனோ. எழுதவே கை கூசுகிறது.

மே 3, ஞாயிறு

இவர் பின் அறைக்கு பெயின்ட் அடிக்கிறார். தானே. ஆள் வைக்கலாமே என்றால், "எதுக்கு, நானே அடிச்சா திருப்தியா இருக்கும்" என்கிறார். வேலை செய்யும்போது விசில்.

மே 8, வெள்ளி

இவரைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. இவருடைய கண்ணாடிக் கடைக்கு ஒரு சாக்கு வைத்துப் போனேன். ஒரு பெண்ணுக்கு பிரேம் மாட்டி, காது மடல் பக்கம் சரிசெய்துகொண்டிருந்தார். அது அவர் தொழில். நாளைக்கு இருபது பேருக்குச் செய்கிறார், தாத்தாக்களுக்கும் செய்கிறார். நான் அவர் விரல்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆரஞ்சு உரித்து, நார் எடுத்து, என் தட்டில் வைத்தார். இருபது வருடப் பழக்கம். "என்ன, போலீஸ்காரி மாதிரி பாக்கற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆரஞ்சைத் தட்டிலேயே விட்டேன்.

பென்சிலிடம் பொதுவாகக் கேட்டேன், இந்த வேலைக்கு வந்தபின் ஆண்களைப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று. "முதல் வருஷம் எங்கப்பாவையே ஒரு மாதிரி பாத்தேன். அப்புறம் போயிடுச்சு. லீவு எடு" என்றாள். எனக்கு இது ஆறாவது வருடம்.

மே 14, வியாழன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். எனக்கும் பென்சிலுக்கும் மேற்பார்வை அவர்தான். அழைக்கிறவரை அடையாளம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. தெரிந்துவிட்டதா என்று கேட்டார். தெரியவில்லை, சந்தேகம் என்றேன். யார் என்றார். தங்கை என்றேன். அவள் சொல்கிற ஆள் யார் என்று அவர் கேட்கவில்லை. கணக்குப் போட்டுவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

இனிமேல் அந்தப் பெண்ணின் அழைப்பு பென்சிலுக்கு. அவளிடம் முறையாகச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் மாற்றுவார்களாம். கிளம்பும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "போன்ல வர்றது யாருன்னு துப்புத் துலக்கறது நம்ம வேலை இல்லை. தங்கச்சிகிட்ட கேக்கணும்னா அக்காவா போய்க் கேளு. இங்க காதுல விழுந்ததைக் கையில எடுத்துட்டுப் போகாதே."

அதெப்படி வைத்துவிட்டுப் போவது? காதைக் கழற்றி மேசையில் வைக்கவா?

மே 23, சனி

சின்னவள் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை. மருந்துக் கடையில் வேலை, சனிக்கிழமை விடுமுறை. சமைத்தாள். நான் காய் நறுக்கினேன். வீட்டு ஓனர், தண்ணீர் வராதது, அவளுடைய முதலாளி, என் முழங்கால் என்று எல்லாம் பேசினோம்.

கேட்கவில்லை. நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் உப்பு சரியா என்று கேட்டேன். நான் முன்பின் தெரியாத பெண்களிடம் கேட்கிறவள். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

மே 25, திங்கள்

அது சின்னவள் இல்லை!

பதிவேட்டில் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாதுதான். அந்தப் பெண்ணின் அழைப்பைப் பென்சில் எழுதியிருந்தாள்: சனிக்கிழமை, மதியம் ஒன்று பத்து, நாற்பத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் சின்னவள் என் கண் முன்னால் அடுப்படியில் நின்றாள். கையில் கரண்டி இருந்தது, போன் இல்லை.

கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் இனிப்பு வாங்கினேன். என்ன விசேஷம் என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன். பாவம் மனிதர், ஒன்றரை மாதமாக என் முறைப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

மே 28, வியாழன்

தூக்கமில்லை.

போனில் வந்தவள் சின்னவள் இல்லை. சரி. ஆணித் துளை? அதை அந்தப் பெண்ணா சொன்னாள்? ஹாஸ்டல், மடியில் கைப்பை, "அத்தான் கடைக்குப் போயிருப்பாரா", இதெல்லாம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தவை. முன்பே தெரிந்தவை.

திங்கட்கிழமை ஏன் சிரித்தேன்? தங்கைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றா? நான் கேட்க வேண்டியதில்லை என்றா?

ஜூன் 12-க்குப் பதினைந்து நாள் இருக்கிறது. பின் அறையில் புதுக் கட்டில் வந்து இறங்கிவிட்டது.

ஜூன் 6, சனி

கேட்டுவிட்டேன்.

செருப்பைக் கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "நீ ஏன் எங்க வீட்டை விட்டுப் போன?" என்றேன். வந்த வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை.

அவள் நகரவில்லை. "யார் சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லலை. நான்தான் கேக்கறேன்."

அப்புறம் அவள் கேட்டது நான் எதிர்பாராதது. "அவர் அனுப்பினாரா? அந்தப் பொண்ணு வரப்போறா, நான் ஏதாவது வாயைத் திறந்துடுவேன்னு ஆழம் பாக்க வந்தியா?"

நான் இரண்டு மாதமாக அவளை, அவரை, என்னை, எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அவள் பதினோரு வருடமாக என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள். தெரிந்துதான் ஹாஸ்டலுக்கு அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினேன் என்று நினைத்திருக்கிறாள். இல்லை என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை. நான் அவளாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உட்கார்ந்தோம். சொன்னாள். கொஞ்சம்தான் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் உதவி எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிட்டாளாம். நான் எந்த நேரத்தில் இருப்பேன் என்று தெரியாமல் மத்தியானம் கூப்பிட்டிருக்கிறாள். "நீ எடுத்தே. 'சொல்லுங்கம்மா, கேட்டுட்டிருக்கேன்'ன்னே. எவ்வளவு நல்லாச் சொன்னே தெரியுமா? வெச்சுட்டேன்."

ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் காது கொடுத்தேனே. எத்தனை அழைப்பு பேசாம வெச்சிருப்பாங்க, ராங் நம்பர்னு குறிச்சிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். என்ன பொம்பளை நான். சொந்தத் தங்கச்சி. ஒரே கூரைக்குக் கீழ. நான் என்ன பாத்தேன், சுவத்தையா பாத்துட்டிருந்தேன்?

ஜூன் 7, ஞாயிறு

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழிக்கவில்லை.

அவள் கேட்டது இரண்டு. அவள் பெயர் எங்கேயும் வரக் கூடாது. அந்தப் பெண் அந்த அறைக்கு வரக் கூடாது. போலீஸ், புகார் எல்லாம் பிறகு, அவள் விரும்பினால். மேடம் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார்: வேகம் அவளுடையதாக இருக்கட்டும்.

ஜூன் 8, திங்கள்

காலையில் இவர் கடைக்குக் கிளம்பும்போது சொன்னேன். "பின் ரூம்ல அந்தப் பொண்ணு தங்கக் கூடாது." அவ்வளவுதான் சொன்னேன். இந்த ஒரு வரியைத் தவிர ஒரு எழுத்து கூடச் சொல்லவில்லை.

சாவியை எடுத்த கை அப்படியே நின்றது. "அவ என்ன சொன்னா?" என்றார்.

யார் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமான கண்ணாடி. பிறகு நிதானமாகப் பேச ஆரம்பித்தார். இந்த வேலை என் மூளையைக் கெடுத்துவிட்டதாம். நாள் முழுக்க அசிங்கத்தைக் கேட்டால் எல்லாம் அசிங்கமாகத்தான் தெரியுமாம். சின்ன வயதுப் பெண்கள் எதையாவது கற்பனை செய்துகொள்வார்களாம். குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. நானும் யாரையும் குறிப்பிடவில்லை. அவரே கேள்வி கேட்டு, அவரே பதில் சொல்லி, ஒரு வழக்கை நடத்தி முடித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

இரண்டு மாதம் நான் தேடியது இது. கிடைத்தபோது வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை. பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

சித்தப்பா மகளுக்குப் போன். பெண்ணை எங்கள் வீட்டுக்கு அனுப்பாதே என்றேன். காரணம் கேட்டாள். சொல்ல முடியாது, ஹாஸ்டலில் சேர்த்துவிடு, நானே கூட வந்து இடம் பார்க்கிறேன் என்றேன். "ஒரு பொண்ணுக்குச் சோறு போட உங்களுக்கு மனசில்லைன்னு நேரடியாச் சொல்லுங்க அண்ணி. அண்ணன் தங்கமானவர், அவரைப் போட்டு ஏன்…" என்று இழுத்தாள். சொல்லிக்கொள்ளட்டும். உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே வெச்சுக்கோ, ஆனால் அனுப்பாதே என்றேன். போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் இவர் வீட்டு ஆட்கள் நாலு பேர் எனக்குப் புத்தி சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 12, வெள்ளி

அந்தப் பெண் வரவில்லை.

புதுக் கட்டிலின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. நான் துணிமணிகளை இரண்டு பெட்டியில் எடுத்து வைத்தேன். எங்கே என்று இவர் கேட்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

ஜூன் 27, சனி

எனக்கு வாடகைக்கு ஒரு இடம். மூன்றாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை. ஆறு வாரம் விடுப்பு. மேடம் எனக்கும் ஒரு ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். நான் போய் உட்கார்ந்ததும், அந்த அம்மாவுக்கு இவர் கடையில் கண்ணாடி போடுகிற பழக்கம் உண்டா என்று பிரேமைத்தான் முதலில் பார்த்தேன்.

அழைக்கிற பெண் பென்சிலிடம் தொடர்ந்து பேசுகிறாளாம். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அவளும் எங்கேயோ எதையோ பார்க்காமல் இருக்கிறாள்.

ஜூலை 5, ஞாயிறு

சின்னவளுக்கு விலாசம் அனுப்பினேன். "அவருக்குத் தெரியுமா இந்த இடம்?" என்று பதில். தெரியாது என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் சொன்னேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

ஜூலை 19, ஞாயிறு

சின்னவள் வந்தாள். தனியாக.

முதலில் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். சமையலறையையும் பார்த்தாள். நான் தட்டு எடுத்து வைத்தேன். சாப்பிட்டோம். அவள் மருந்துக் கடைக்கு மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக் காட்டிய ஒருவர் வந்த கதையைச் சொன்னாள். சிரித்தோம். புகார் கொடுக்கலாமா என்று ஒரு வக்கீலிடம் பேசப் போகிறேன், நீ கூட வருவாயா என்று, ஏதோ காய்கறி வாங்கப் போவது போலக் கேட்டாள். வருகிறேன் என்றேன். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றாள். சரி என்றேன்.

இரண்டு மணிக்குப் பாயில் சும்மா சாய்ந்தாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

துணி துவைக்க இருந்தது, துவைக்கவில்லை. குழாய் திறந்தால் சத்தம் வரும். போனை அணைத்து வைத்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். வாயைக் கொஞ்சம் திறந்து தூங்குவது சின்ன வயதிலிருந்தே அவள் வழக்கம், மறந்தே போயிருந்தேன்.

ஐந்து பத்துக்கு எழுந்தாள். கன்னத்தில் பாய்க்கோடு. எங்கே இருக்கிறோம் என்று ஒரு நொடி பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டே, "சீப்பு எங்கக்கா வெச்சிருக்க?" என்றாள்.